வாசகரிடம் ஏற்கெனவே மொழிபெயர்ப்பி இருக்கிறது. எழுதுபவர் சேர்க்க வேண்டியது என்ன?

இணையத்தில் தொடர்ந்து எழுதும் பலருக்கும் ஒரு கட்டத்தில் இந்த ஆசை வரும்: நம் மொழி தெரியாதவர்களும் இதைப் படித்தால் நன்றாக இருக்குமே. முன்பு அதற்கு ஒரு மொழிபெயர்ப்பாளரைத் தேடிப் பிடிக்க வேண்டும், அவருக்கு நேரம் இருக்க வேண்டும், உழைப்புக்கு ஊதியம் தர வேண்டும். இன்று தளத்தின் மூலையில் ஒரு பொத்தானை வைத்துவிட்டால் நூறு மொழிகளுக்கு மேல் பட்டியல் விரிகிறது. அதை நிறுவச் சில நிமிடங்கள் போதும். அந்தச் சில நிமிடங்களில் உண்மையில் என்ன கிடைக்கிறது, எது கிடைக்காமல் போகிறது என்று பார்ப்போம்.

வெளிமொழி வாசகருக்கு அந்தப் பொத்தான் பெரும்பாலும் தேவையே இல்லை. குரோம் உலாவிக்குள் மொழிபெயர்ப்பு வசதி 2010இலேயே வந்துவிட்டது. சஃபாரியில் 2020இல் வந்தது. ஃபயர்பாக்ஸ் 2023 செப்டம்பரில் வெளியிட்ட 118ஆம் பதிப்பிலிருந்து, உரையை எந்தச் சர்வருக்கும் அனுப்பாமல் வாசகரின் கணினியிலேயே மொழிபெயர்க்கிறது. ஆக, வேற்றுமொழிக்காரர் ஒருவர் உங்கள் கட்டுரைக்கு வந்து சேரும்போதே கையில் மொழிபெயர்ப்பியோடுதான் வருகிறார்.

அப்படியானால் எழுதுபவர் கூடுதலாகத் தரக்கூடியது என்ன? தான் என்ன சொல்ல வந்தோம் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். எந்த வாக்கியத்தில் யார் பேசுகிறார், எது பெயர், எது சாதாரணச் சொல், எந்த எண் தவறாகப் போகவே கூடாது என்பதெல்லாம் அவர் மனத்தில் இருக்கிறது, உலாவியிடம் இல்லை. தானியங்கி மொழிபெயர்ப்பைச் சேர்ப்பதை ஒரு பதிப்பு வேலையாக நினைத்து, இந்த அறிவை அதில் செலுத்தினால் பயன் உண்டு. வெறும் பொத்தானாக நினைத்தால், வாசகரிடம் இருப்பதையே அவருக்குத் திருப்பிக் கொடுக்கிறோம். அதுவும் நம் பெயரை மேலே போட்டுக் கொடுக்கிறோம்.

பிழை கண்ணில் பட்ட காலமும் படாத காலமும்

இயந்திரத்தால் மொழிபெயர்க்க முடியும் என்ற எண்ணம் கணினி அளவுக்கே பழையது. 1949இல் அமெரிக்கக் கணிதவியலாளர் வாரன் வீவர் எழுதிய ஒரு குறிப்பு, வேற்றுமொழி உரையைச் சங்கேதச் செய்தியைப் போல உடைத்துப் படிக்கலாமே என்று கேட்டது. 1954 ஜனவரி 7ஆம் தேதி ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐபிஎம் நிறுவனமும் நியூயார்க்கில் ஒரு செயல்விளக்கம் நடத்தின. 250 சொற்கள், 6 இலக்கண விதிகள். இவற்றை வைத்து அறுபதுக்கும் மேற்பட்ட ரஷ்ய வாக்கியங்களை ஆங்கிலமாக்கிக் காட்டினார்கள். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நம்பினார்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1966இல், அமெரிக்க அரசு அமைத்த அல்பாக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. இயந்திரம் மனிதரைவிட மெதுவாகவும் துல்லியம் குறைவாகவும் கூடுதல் செலவிலும் வேலை செய்கிறது என்பதே அதன் முடிவு. நிதி வற்றியது.

அந்த வறட்சிக்குப் பிறகும் ஓரிடத்தில் இயந்திரம் நன்றாக ஓடியது. கனடாவில் 1977 முதல் 2001 வரை வானிலை அறிக்கைகளை ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு மாற்றிய மெதெயோ என்ற அமைப்பு அது. வானிலை அறிக்கையின் சொற்கள் குறைவு, வாக்கிய அமைப்பு சிலவே, எதையும் சுற்றி வளைத்துச் சொல்வதில்லை. அதனால்தான் அது ஓடியது. மூலம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பது இயந்திரத்தின் திறமை அளவுக்கே முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

1997இல் ஆல்டாவிஸ்டா தேடுபொறி பேபல்ஃபிஷ் என்ற இலவச மொழிபெயர்ப்பை இணையத்துக்குக் கொண்டுவந்தது. அதன் பின்னால் இருந்தது விதிகளால் இயங்கும் சிஸ்ட்ரான் மென்பொருள். இதற்கிடையில் ஐபிஎம் ஆய்வாளர்கள் வேறொரு வழியில் போயிருந்தார்கள். கனடிய நாடாளுமன்றத்தின் நடவடிக்கைக் குறிப்புகள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அருகருகே கிடைக்கின்றன. இலக்கணம் எதையும் சொல்லிக்கொடுக்காமல், எந்தத் தொடருக்கு எதிரே எந்தத் தொடர் அதிகம் வருகிறது என்று கணக்கெடுத்தே மொழிபெயர்க்க முடியும் என்று காட்டினார்கள். 2006இல் தொடங்கிய கூகுள் டிரான்ஸ்லேட் இந்தப் புள்ளிவிவர முறையைத்தான் உலகமெங்கும் கொண்டுசென்றது. தமிழ் அதில் 2011 ஜூனில் சேர்ந்தது.

அந்தக் கால மொழிபெயர்ப்புகளைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். சொற்கள் தாறுமாறாகக் கிடக்கும், வினைமுற்று எங்கோ தொங்கும், ஒட்டுப்போட்ட துணி போலத் தையல் தெரியும். ஆனால் அதில் ஒரு நன்மை இருந்தது. இது இயந்திரம் செய்தது, நம்பக்கூடாது என்று முதல் வரியிலேயே வாசகருக்குப் புரிந்துவிடும்.

2014க்குப் பிறகு நிலைமை மாறியது. மூளையின் நரம்பமைப்பை முன்மாதிரியாகக் கொண்ட நரம்பு வலைப்பின்னல் முறை வந்தது. 2016இல் கூகுள் அதற்கு மாறத் தொடங்கியது, 2017 ஏப்ரலில் தமிழுக்கும் வந்தது. அதே 2017இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட டிரான்ஸ்ஃபார்மர் என்ற கட்டமைப்புதான் இன்றைய மொழிபெயர்ப்பிகளுக்கும் சாட்ஜிபிடி போன்ற பெரும் மொழி மாதிரிகளுக்கும் அடித்தளம். இந்த முறை மூல வாக்கியம் முழுவதையும் பார்த்துக்கொண்டு, இதுவரை எழுதிய சொற்களுக்கு அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்தபடியே போகிறது. வெளியே வரும் வாக்கியம் இலக்கு மொழியில் இயல்பாக ஒலிக்க வேண்டும் என்பதே அதற்கு ஊட்டப்பட்ட பழக்கம். மூலத்தில் ஐயம் இருந்தால் அது நின்று கேட்பதில்லை. அதிகம் பார்த்த பாதையில் போய்விடுகிறது. அதனால் தவறான வாக்கியமும் சரியான வாக்கியமும் ஒரே சரளத்தோடு வருகின்றன. இயந்திர மொழிபெயர்ப்பைத் தளத்தில் சேர்க்கிறவர் மனத்தில் வைத்திருக்க வேண்டிய முதல் செய்தி இது.

விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2017 அக்டோபரில் நடந்த ஒன்று போதும். கட்டடத் தொழிலாளியான ஒரு பாலஸ்தீனியர் புல்டோசர் அருகே நிற்கும் தன் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டு, அரபு மொழியில் காலை வணக்கம் சொல்லியிருந்தார். அதை ஃபேஸ்புக்கின் மொழிபெயர்ப்பி ஹீப்ரு மொழியில் 'அவர்களைத் தாக்கு' என்று காட்டியது. இஸ்ரேலியக் காவல்துறை அவரைக் கைது செய்து, சில மணிநேரம் விசாரித்த பிறகு தவறு தெரிந்து அவரை விடுவித்தது. கைதுக்கு முன் அரபு தெரிந்த ஒருவர்கூட மூலத்தைப் பார்க்கவில்லை. மொழிபெயர்ப்பு உளறலாக இருந்திருந்தால் யாராவது மூலத்தைத் தேடியிருப்பார்கள். தெளிவாக இருந்ததால் தேடவில்லை.

தமிழிலிருந்து புறப்படும்போது

மொழிபெயர்ப்பிகள் இணை உரைகளிலிருந்து, அதாவது ஒரே செய்தி இரு மொழிகளிலும் உள்ள உரைகளிலிருந்து, கற்கின்றன. ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் இடையே அப்படிப்பட்ட உரை மலைபோலக் கிடக்கிறது. தமிழுக்கு அந்த அளவு இல்லை. நிலைமை மேம்பட்டுவருகிறது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 2021இல் சமானந்தர் என்ற இணை உரைத் தொகுப்பையும், 2023இல் அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுக்குமான இண்டிக்டிரான்ஸ்2 என்ற மொழிபெயர்ப்பு மாதிரியையும் திறந்த முறையில் வெளியிட்டது. மெட்டா நிறுவனம் 2022இல் வெளியிட்ட மாதிரி 200 மொழிகளை நேரடியாக ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்ற முயல்கிறது.

இந்த 'நேரடியாக' என்பது சிறிய விஷயம் இல்லை. பல சேவைகளில் தமிழிலிருந்து மூன்றாவது மொழி ஒன்றுக்குப் போகும் உரை ஆங்கிலம் வழியாகத்தான் போகிறது. ஆங்கிலம் வேறுபடுத்தாத எதுவும் அந்த நடுவழியில் உதிர்ந்துவிடும். தமிழில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. கேட்பவரைச் சேர்த்துக்கொள்கிறோமா, விலக்கிப் பேசுகிறோமா என்பதே வேறுபாடு. இந்தோனேசிய மொழியிலும் 'கித்தா', 'காமி' என்று அதே வேறுபாடு அப்படியே இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். ஆகவே இரு கரையிலும் இருக்கும் ஒன்று படகில் ஏற முடியாமல் போகிறது. 'நாங்கள் முடிவு செய்தோம்' என்று வாசகரை விலக்கி எழுதியது, அந்த முடிவில் அவருக்கும் பங்கிருப்பதுபோல அவர் மொழியில் போய்ச் சேரலாம். 'நீ', 'நீங்கள்' வேறுபாடு பிரெஞ்சுக்கும் ஜெர்மனுக்கும் போகும்போதும் இதே கதிதான்.

இன்னொரு இடத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். மூன்று வாக்கியங்கள்:

'அம்மாவிடம் கேட்டேன். முதலில் மறுத்தார். பிறகு அவரே வந்து கையெழுத்துப் போட்டார்.'

தமிழ் வாசகர் எவருக்கும் இதில் குழப்பம் வராது. ஆனால் பல மொழிபெயர்ப்பிகள் வாக்கியம் வாக்கியமாகவே வேலை செய்கின்றன. இரண்டாவது வாக்கியத்தைத் தனியே எடுத்தால் அதில் எழுவாய் இல்லை; 'மறுத்தார்' என்ற மரியாதை வடிவம் ஆண்பாலா பெண்பாலா என்று சொல்வதும் இல்லை. ஆங்கிலத்துக்கோ பால் தேவை. பயிற்சித் தரவில் ஆண்பால் அதிகம் என்பதால் இயந்திரம் ஆணைத் தேர்ந்தெடுக்கிறது. அம்மா இரண்டாவது வாக்கியத்தில் யாரோ ஓர் ஆணாகிவிடுகிறார், மூன்றாவதிலும் அப்படியே தொடர்கிறார். ஆங்கிலத்தில் படிப்பவர் மறுத்ததும் கையெழுத்துப் போட்டதும் வேறொருவர் என்று நினைத்துக்கொள்வார். துருக்கிய மொழியிலும் இதே சிக்கல் உண்டு. 2018 டிசம்பரில் கூகுள் தன் மொழிபெயர்ப்புப் பக்கத்தில் அத்தகைய சில வாக்கியங்களுக்கு ஆண்பால், பெண்பால் இரண்டையும் காட்டத் தொடங்கியது. ஒரு நீண்ட கட்டுரையை மொத்தமாக மொழிபெயர்க்கும்போது அப்படி இரண்டு வடிவங்களைக் காட்ட வழியில்லை.

தீர்வு எழுதுபவர் கையில் இருக்கிறது: 'அம்மா முதலில் மறுத்தார்.' ஒரே ஒரு சொல்தான் கூடியது. தமிழ் வாசகருக்கு எந்த இழப்பும் இல்லை. 'நேற்று பார்த்த மருத்துவர்' என்ற தொடரில் யார் யாரைப் பார்த்தார் என்பது தெரியாது. 'நான் நேற்று பார்த்த மருத்துவர்' என்றால் தெரிந்துவிடும். எச்சங்களை அடுக்கிக்கொண்டே போய் ஐந்தாவது வரியில் வினைமுற்றைச் சேர்க்கும் வாக்கியத்தை இரண்டாக உடைத்தால், மொழிபெயர்ப்பி தடுமாறும் இடங்கள் பாதியாவது குறையும். மெதெயோ ஓடிய காரணமே இங்கேயும் வேலை செய்கிறது.

எண்களில் தனிக் கவனம் வேண்டும். லட்சம், கோடி என்ற அளவைகள் மில்லியனுக்குப் போகும்போது பூஜ்யம் ஒன்று கூடுவதும் குறைவதும் உண்டு. 2018இல் தென்கொரியாவின் பியோங்சாங்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் நார்வே அணியின் சமையற்காரர்கள் 1,500 முட்டைகள் கேட்க, 15,000 வந்து இறங்கிய செய்தி உலகமெங்கும் வெளியானது; கொரிய மொழிக்கு மாற்ற அவர்கள் நம்பியது தானியங்கி மொழிபெயர்ப்பை. '12 லட்சம்' என்று எழுதும் இடத்தில் '12,00,000' என்று இலக்கத்தில் எழுதிவிட்டால் இயந்திரம் ஊகிக்க வேண்டியது குறைகிறது.

பெயர்கள் அடுத்த ஆபத்து. மலர், அன்பு, வெற்றி, கதிர் என்று நம் பெயர்களில் பாதி அன்றாடச் சொற்கள். தனியே நின்றால் இயந்திரம் அவற்றை மொழிபெயர்த்துவிடும். தெரியாத பெயர் என்றால் அது செய்வது இன்னும் மோசம்: 2020 ஜனவரியில் சீன அதிபர் ஷி ஜின்பிங் மியான்மர் சென்றிருந்தபோது, பர்மிய மொழியில் இருந்த அவர் பெயரை ஃபேஸ்புக் ஆங்கிலத்தில் ஒரு வசைச் சொல்லாக மாற்றிக் காட்டியது. அந்தப் பெயர் தன் பர்மியத் தரவில் இல்லாததால் இயந்திரம் ஊகித்ததாக நிறுவனம் விளக்கி மன்னிப்புக் கேட்டது. இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் மொழியில் இதற்கென்றே 'டிரான்ஸ்லேட்' என்ற பண்பு இருக்கிறது. அதற்கு 'நோ' என்று மதிப்புக் கொடுத்தால், அந்தச் சொல்லைத் தொடாதே என்று மொழிபெயர்ப்பிக்குச் சொன்னதாகும். ஆள் பெயர், நிறுவனப் பெயர், நிரல் வரிகள், மூலமொழியிலேயே நிற்க வேண்டிய மேற்கோள்கள் ஆகியவற்றுக்கு இது மிகவும் உதவும். பழம்பாடல் வரிகளை மேற்கோள் காட்டினால் அவற்றை இப்படிப் பூட்டிவிட்டு, கீழே எளிய உரைநடையில் நாமே பொருள் எழுதிவிடுவது நல்லது. அந்த உரைநடையை இயந்திரம் ஓரளவு சரியாகக் கொண்டுபோகும்.

இதையெல்லாம் சொல்வதால், இயந்திரத்துக்காக எல்லாவற்றையும் தட்டையாக எழுதச் சொல்கிறேன் என்று பொருள் கொள்ள வேண்டாம். தகவல் தரும் கட்டுரைக்கும் வழிமுறைக் குறிப்புக்கும்தான் இந்தத் தெளிவு. கதை, கவிதை, வட்டார வழக்கில் ஓடும் நினைவுக் குறிப்பு போன்றவற்றுக்குத் தானியங்கி மொழிபெயர்ப்பை நம் பெயரில் வெளியிடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவற்றின் உயிரே எந்தச் சொல்லை எங்கே விட்டோம் என்பதில் இருக்கிறது. அதற்குப் பதில், படைப்பு எதைப் பற்றியது என்று பிறமொழியில் ஐந்தாறு வரி அறிமுகம் எழுதிச் சேர்க்கலாம். ஆர்வம் உள்ளவர் உலாவியின் உதவியோடு உள்ளே வரட்டும். அது அவர் தேர்வு.

எந்த வழியில் சேர்ப்பது

ஒரு வழி, எதுவும் சேர்க்காமல் உலாவியிடமே விட்டுவிடுவது. சோம்பேறித்தனம்போலத் தோன்றினாலும் பெரும்பாலான மொழிகளுக்கு இதுவே சரி. ஆனால் இதற்கும் முன்வேலை உண்டு. பக்கத்தின் மொழி எது என்று எச்டிஎம்எல்லின் 'லாங்' பண்பில் சரியாக அறிவித்திருக்க வேண்டும். தளத்தின் வார்ப்புருவில் (டெம்ப்ளேட்) ஆங்கிலம் என்று இருப்பதை மாற்றாமலே தமிழில் எழுதும் தளங்கள் ஏராளம். உலாவி குழம்புவது ஒருபுறம். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானும் தமிழை ஆங்கிலக் குரலில் படிக்க முயன்று தோற்கும். முக்கியச் செய்தியைப் படத்துக்குள் எழுதி வைத்தால் அது மொழிபெயர்ப்பிக்குப் போய்ச் சேராது. இவ்வளவைச் சரிசெய்தாலே வெளிமொழி வாசகருக்குப் பாதி உதவி செய்தாயிற்று.

இன்னொரு வழி, வாசகர் கேட்கும்போது உடனுக்குடன் மொழிபெயர்க்கும் பொத்தான். மூன்று வழிகளில் எனக்கு மிகக் குறைந்த நம்பிக்கை இதில்தான். அந்த மொழிபெயர்ப்பு எங்கும் சேமிக்கப்படுவதில்லை. எனவே திருத்த முடியாது, தேடுபொறியில் கிடைக்காது, இன்று படித்ததும் அடுத்த மாதம் படிப்பதும் வேறாக இருக்கலாம். வேறொருவரின் இலவச சேவையில் முழுதாகச் சாய்வதும் ஆபத்து. 2011இல் கூகுள், பிற தளங்களும் மென்பொருள்களும் இணைந்து பயன்படுத்தும் தன் இலவச மொழிபெயர்ப்பு இடைமுகத்தை மூடப்போவதாக அறிவித்து, பிறகு கட்டணச் சேவையாக மாற்றியது. தளங்களில் வைக்கும் இலவசப் பொத்தானை 2019இல் புதியவர்களுக்குத் தருவதை நிறுத்தியது. 2020இல் கோவிட் காலத்தில், வணிக நோக்கமற்ற தளங்களுக்கு மட்டும் மறுபடி திறந்தது. இதை நம்பி இருந்தவர்கள் ஒவ்வொரு முறையும் அவசரமாக மாற்று தேட வேண்டியிருந்தது.

மூன்றாவது வழிதான் நான் பரிந்துரைப்பது. ஒருமுறை இயந்திரத்தால் மொழிபெயர்த்து, சேமித்து, திருத்தி, அதற்கென்று தனி முகவரியில் வெளியிடுவது. தளம் நடத்த வேர்ட்பிரஸ் மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு டபிள்யூபிஎம்எல், பாலிலாங், டிரான்ஸ்லேட்பிரஸ் போன்ற செருகுநிரல்கள் இதற்கு உதவுகின்றன. பின்னால் இயங்கும் மொழிபெயர்ப்புச் சேவை எழுத்துக் கணக்கில் கட்டணம் வாங்கும். கூகுளின் மேகச் சேவையில் மாதத்துக்கு முதல் 5 லட்சம் எழுத்துகள் இலவசம். ஆனால் அங்கே எழுத்து என்பது யூனிகோடு குறியீட்டுப் புள்ளி. 'தமிழ்' என்று நமக்கு மூன்றெழுத்தாக இருப்பது, த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்தாகக் கணக்காகும். பழைய கட்டுரைகள் அனைத்தையும் ஒரே மூச்சில் அனுப்பும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

இப்போது பலர் பெரும் மொழி மாதிரிகளை இதற்குப் பயன்படுத்துகிறார்கள். கட்டுரையை முழுதாகக் கொடுக்கலாம் என்பதால், மேலே பார்த்த அம்மா இரண்டாவது வாக்கியத்தில் ஆணாகும் சிக்கல் பெருமளவு தீர்கிறது. கலைச்சொற்களின் பட்டியலைக் கொடுத்து இப்படியே எழுது என்று சொல்லலாம், நடையைக்கூடக் குறிப்பிடலாம். எழுதுபவரின் அறிவை இயந்திரத்துக்குள் செலுத்த இதுவரை கிடைத்த வழிகளில் இதுவே சிறந்தது. ஆனால் அவற்றுக்கு வேறொரு பழக்கம் உண்டு: நீண்ட உரையில் ஒரு பத்தியை விட்டுவிடும், இரண்டு வாக்கியங்களைச் சுருக்கி ஒன்றாக்கும், மூலத்தில் இல்லாத ஒரு விளக்கத்தை நல்லெண்ணத்தோடு சேர்த்துவிடும். எனவே வந்த உரையில் பத்திகளின் எண்ணிக்கை மூலத்தோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதே முதல் சோதனை.

எத்தனை மொழி, யார் பார்ப்பது

நூறு மொழிகள் கிடைக்கின்றன என்பதற்காக நூறிலும் வெளியிடக்கூடாது. நீங்களோ உங்களுக்குத் தெரிந்த ஒருவரோ படித்துத் திருத்தக்கூடிய மொழிகளில் மட்டும் வெளியிடுங்கள். பலருக்கு அது ஒன்றாகவோ இரண்டாகவோதான் இருக்கும், அது போதும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அமேசான் ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு ஒன்று 2024இல் வெளியிட்ட ஆய்வு, இணையத்தில் ஒரே நேரத்தில் பல மொழிகளில் கிடைக்கும் உரையில் பெரும்பகுதி தரம் குறைந்த இயந்திர மொழிபெயர்ப்பாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டியது. இணையத்தில் சொந்த உரை குறைவாக உள்ள மொழிகளில் இந்தப் பங்கு இன்னும் பெரிது. அடுத்த தலைமுறை மொழிபெயர்ப்பிகள் இதே இணையத்திலிருந்துதான் அந்த மொழிகளைக் கற்கப்போகின்றன. யாரும் படித்துப் பார்க்காத ஒரு மொழிபெயர்ப்பைச் சிறிய மொழி ஒன்றில் கொட்டுவது, அந்த மொழி பேசுவோரின் கிணற்றில் நாம் குப்பை போடுவதற்குச் சமம். தமிழும் அப்படிப் பாதிக்கப்படக்கூடிய மொழி என்பதால் நமக்கு இதில் கூடுதல் அக்கறை இருக்க வேண்டும்.

மொழி தெரியாவிட்டால் என்ன, திரும்பத் தமிழுக்கே மாற்றிச் சரிபார்த்துக்கொள்ளலாமே என்று பலர் நினைக்கிறார்கள். அது ஏமாற்றிவிடும். 'மறுத்தார்' என்பது ஆங்கிலத்தில் ஆணாகி, மறுபடி தமிழுக்கு வரும்போது எழுவாயும் பாலும் உதிர்ந்து 'மறுத்தார்' என்றே திரும்பக்கூடும். 'நாங்கள்' போய் 'நாங்கள்' ஆகவே வரலாம். போன வழியில் நடந்த தவறு திரும்பும் வழியில் மறைந்துவிடுகிறது. மிகவும் கவனிக்க வேண்டிய பிழைகளைத்தான் இந்தச் சோதனை காட்டாமல் விடுகிறது.

மொழி தெரிந்த ஒருவர் படிக்கும்போது எல்லா வரிக்கும் ஒரே கவனம் தேவையில்லை. எண்கள், தேதிகள், பெயர்கள், யார் செய்தார் என்பது, எல்லாவற்றுக்கும் மேலாக எதிர்மறை ஆகியவற்றில்தான் கூடுதல் கவனம் வேண்டும். 'கூடாது', 'இல்லை', 'தவிர' ஆகியவை விழுந்துவிட்டால் கட்டுரையே தலைகீழாகிவிடும். இயந்திரம் செய்ததை மனிதர் சரிபார்க்கும் பணிக்கென்றே 2017இல் ஐஎஸ்ஓ 18587 என்ற உலகத் தரநிலை வந்திருக்கிறது. தொழில்முறையில் இது அவ்வளவு முக்கியமான வேலையாகக் கருதப்படுகிறது. மருந்து அளவு, சட்ட வழிகாட்டல், மின்சார வேலை போன்றவற்றை அந்தத் துறையும் மொழியும் தெரிந்தவர் பார்க்காமல் வெளியிடவே வேண்டாம்.

தேடுபொறியின் பார்வையும் இதையொட்டியே இருக்கிறது. மனிதர் பார்வையிடாத தானியங்கி மொழிபெயர்ப்பை கூகுள் நீண்ட காலம் குப்பை உள்ளடக்கத்தின் உதாரணமாகவே பட்டியலிட்டிருந்தது. 2024 மார்ச்சில் கொண்டுவந்த விதிகள், எந்தக் கருவியால் செய்தது என்பதைவிட, வாசகருக்குப் பயனில்லாத பக்கங்களை ஒரு தளம் மொத்தமாக உற்பத்தி செய்கிறதா என்பதைப் பார்க்கின்றன. திருத்தி வெளியிட்ட பக்கங்களை ஒன்றோடொன்று இணைக்க 'எச்ரெஃப்லாங்' குறி உண்டு. தமிழ்ப் பக்கம் ஆங்கிலப் பக்கத்தைச் சுட்ட வேண்டும், ஆங்கிலப் பக்கம் தமிழ்ப் பக்கத்தைத் திருப்பிச் சுட்ட வேண்டும். ஒருபக்கம் மட்டும் சுட்டினால் கணக்கில் வராது. வாசகர் எந்த நாட்டிலிருந்து வருகிறார் என்று பார்த்துத் தானாக வேறு மொழிப் பக்கத்துக்குத் தள்ளிவிடும் ஏற்பாட்டைச் செய்யாதீர்கள். ஒரு நாட்டில் இருப்பவர் அந்த நாட்டு மொழியைத்தான் படிப்பார் என்பதில்லை. மொழிப் பட்டியலில் கொடிகளைப் போடுவதும் இதே காரணத்தால் தவறு. ஒவ்வொரு மொழியின் பெயரையும் அந்த மொழியின் எழுத்திலேயே எழுதினால் தேடுபவர் கண்டுகொள்வார். அரபு, உருது, ஹீப்ரு சேர்த்தால் பக்கத்தின் திசையையே வலமிருந்து இடமாக மாற்ற வேண்டும் என்பதையும் நினைவில் கொள்க.

உரிமை பற்றி ஒரு வார்த்தை. பெர்ன் உடன்படிக்கையின் 8ஆம் பிரிவு, மொழிபெயர்க்கும் உரிமையை மூல ஆசிரியருக்கே தருகிறது. சொந்த எழுத்துக்கு எந்தத் தடையும் இல்லை. ஆனால் உங்கள் தளத்தில் வேறொருவர் எழுதியதை மொழிபெயர்க்க அவர் அனுமதி வேண்டும். மாற்றக்கூடாது என்ற நிபந்தனையுள்ள கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்த கட்டுரையின் மொழிபெயர்ப்பையும் வெளியிட முடியாது, ஏனெனில் மொழிபெயர்ப்பும் மாற்றமே.

வெளியிடும் ஒவ்வொரு மொழிபெயர்ப்பின் தலையிலும், அந்த மொழியிலேயே, இது இயந்திரத்தால் மொழிபெயர்க்கப்பட்டு இன்னாரால் பார்க்கப்பட்டது என்று எழுதி, மூலத்துக்கு லிங்க் கொடுத்து, எந்தத் தேதியின் மூலத்திலிருந்து செய்தது என்றும் போடுங்கள். தேதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் கட்டுரைகள் மாறுகின்றன. தமிழில் ஒரு எண்ணைத் திருத்துவோம், மொழிபெயர்ப்பில் பழைய எண் அப்படியே நிற்கும். மறுபடி முழுதாக மொழிபெயர்க்கச் சொன்னாலோ, நண்பர் ஒருவர் உட்கார்ந்து கையால் செய்த திருத்தங்கள் எல்லாம் அழிந்துபோகும். எனவே ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது அது எத்தனை மொழிகள் தருகிறது என்று பார்ப்பதைவிட, மாறிய பத்தியை மட்டும் புதிதாக மொழிபெயர்த்து, கையால் திருத்திய பத்திகளைத் தொடாமல் விடுகிறதா என்று ஒரு சிறு கட்டுரையை வைத்துச் சோதித்துப் பாருங்கள். அந்த வசதி இல்லாத மென்பொருளை எடுக்க வேண்டாம்.